புஷ்பமக்கா அழ மறுத்த ஒப்பரா

நல்ல துணியைப் பாழாக்குவதற்குத்தான் எனக்குச் சம்பளம் தந்தார்கள். ரொறன்ரோவில், நாடகத்தைப் பாட்டாகவே நடத்தும் ஓர் ஒப்பரா நிறுவனத்தின் உடைப் பகுதியில் ஓய்வு பெறும்வரை அந்த வேலையைச் செய்தேன். தையற்காரர்கள் மடிப்புக் குலையாமல் தூக்கித் தரும் கோட்டையும் சட்டையையும் நான் தேய்த்து, கிழித்து, அழுக்காக்கி, ஒருவர் பத்து வருடம் போட்டு உழைத்த மாதிரி ஆக்கிக் கொடுக்க வேண்டும். "இதுக்கோ பிள்ளை கனடாவுக்குப் போனனீ?" என்று அம்மா கொழும்பிலிருந்து கேட்பார். இதற்குத்தான் என்று சொன்னால் அவருக்குச் சிரிப்பு வராது, கோபம்தான் வரும்.

போன மாதம், இப்போது அந்த வேலையைப் பார்க்கும் பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். தொண்ணூறுகளில் நாங்கள் புதுவிதமாக மேடையேற்றிய அந்தப் பழைய இத்தாலிய ஒப்பராவை மறுபடியும் எடுக்கப் போகிறார்களாம். துணியை இப்போது ஓர் இயந்திரம் ஒளியால் சுட்டே பழசாக்கிவிடுகிறதாம். சட்டைப்பை மட்டும் சரிவரவில்லையாம். "நனைத்து, பைக்குள் கல்லைப் போட்டுத் தொங்கவிடு, காயும்போது தானாகத் தொய்யும்" என்றேன். நன்றி சொல்லி வைத்துவிட்டாள். எனக்குத்தான் அதற்குப் பிறகு இருப்புக் கொள்ளவில்லை. ஸ்ரௌவ்வில் நகரத்து வீட்டின் சமையலறைக்கும் முன்வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். "அம்மா, ஆர் யூ ஓகே? ஆரும் மோசம் போயிட்டினமோ?" என்று மகள் கேட்டாள். ஒருவரும் சாகவில்லை என்றேன். பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுதும்போதும் இடையிடையே எழும்பித்தான் போகிறேன்.

நான் வேலை பழகிய கதை பெரிய கதையல்ல. எண்பதுகளின் கடைசியில் வந்தேன். ஒரு ஹோட்டலின் லோண்டரியில் துணி வெளுக்க நின்றேன், குளிர்க்கோட்டுத் தைக்கும் தொழிற்சாலையில் நின்றேன். ஒப்பராவில் என்னைத் துணி துவைக்கத்தான் எடுத்தார்கள். ஒரு நாள் பட்டுச் சால்வையொன்றைக் கொதிநீரில் போட்டுக் குழப்பிவிட்டேன். வேலை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு நின்றபோது, உடைப் பகுதித் தலைவி இலோனா ஒரே நாளில் கிழடாகிப்போன அந்தச் சால்வையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "நாளையிலிருந்து சாய அறைக்கு வா" என்றார். உடுப்பைப் பழசாக்குவது அங்கேதான். அவ்வளவுதான் என் பதவியுயர்வு.

இலோனா ஹங்கேரிக்காரி. அறுபதை நெருங்கிய கட்டையான பெண்மணி. காலை வணக்கம் சொல்லமாட்டார், நன்றி சொல்லமாட்டார், ஒன்றும் பிடிக்காவிட்டால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிடுவார். கண்ணாடி ஏறினால் அன்றைக்குச் செய்த வேலை முழுக்கக் குப்பை. அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. துணியில் கை வைக்க முன்னர் "இவன் யார்?" என்று கேட்பார். பாட்டுக்காரரின் பெயரைச் சொன்னால் கண்ணாடி ஏறும். அவர் கேட்பது அந்தச் சட்டைக்கு உரியவனை. வலக்கைக்காரனா, இடக்கைக்காரனா? பையில் என்ன வைப்பான்? எந்தத் தோளில் சுமப்பான்? சுவரில் சாய்ந்து நிற்பவனா, குந்தியிருப்பவனா? எல்லாம் சொன்ன பிறகுதான் கம்பித் தூரிகையும் சாண்ட்பேப்பரும் கையில் எடுக்கலாம். கழுத்துப் பட்டியின் மடிப்பு, கைமுனை, கக்கம், முழங்கால் என்று உடம்பு தேய்க்கும் இடங்களில்தான் தேய்க்கலாம். கண்ட இடத்தில் தேய்த்தால் "இது நாய் கடித்தது" என்று திருப்பி எறிவார். முடிந்ததும் உடையை நீண்ட நடைக்கூடத்தின் ஒரு முனையில் தொங்கவிட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு மற்ற முனைக்கு நடப்பார். இருபது வரிசைக்கு அப்பால் இருக்கிறவருக்கும் தெரியவேண்டும் என்பது கணக்கு. அங்கே நின்று கொஞ்ச நேரம் பார்ப்பார். கண்ணாடி மூக்கிலேயே இருந்தால் நான் பிழைத்தேன்.

தொண்ணூற்றைந்தில்தான் அந்த ஒப்பரா வந்தது. நாடு கடத்தப்பட்டு வேற்றூரில் கிடக்கிற ஒரு சனத்தின் கதை. அதுவரை அதைத் தங்கக் கிரீடமும் தூணும் தாடியுமாகத்தான் போடுவார்கள். இந்த முறை ஐரோப்பாவிலிருந்து மார்க்குஸ் என்ற இளம் நெறியாளரை அழைத்திருந்தார்கள். ஒல்லியான மனிதர், ஓரிடத்தில் நிற்கமாட்டார், பேசும்போது காலால் தரையைத் தட்டிக்கொண்டே இருப்பார். அவர் கிரீடத்தையும் தூணையும் தூக்கி எறிந்தார். மேடை முழுக்க அகதி முகாம் மாதிரி நீலத் தறப்பாள், தகரம், மூட்டை முடிச்சு. பாடகர் குழுவுக்குப் பின்னால், பாடாமல் சும்மா இருக்கிற சனமும் வேண்டும் என்றார். அப்படி வாய் திறக்காமல் மேடையில் நிற்பவர்களை அங்கே சூப்பர் என்பார்கள். "உண்மையாகவே ஊரை விட்டு வந்தவர்கள் வேண்டும்" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். பிறகென்ன, ஆள் பிடிக்கிற வேலை என் தலையில் விழுந்தது.

எங்கள் ஆட்கள் நிறைந்த ஸ்காபரோவில் தெரிந்தவர்களிடம் சொன்னேன். பத்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். வந்த கோலத்தைச் சொல்லவேண்டும். ஆண்கள் கோட்டும் கழுத்தில் ரையும், பெண்கள் கூறைச் சேலைக்கு அடுத்த சேலை. மேடையில் ஏறுகிறோம், நாலுபேர் பார்க்கப் போகிறார்கள், வேறெப்படி வருவார்கள்? ஊரில் தபாலதிபராக இருந்த சிவஞானம் அங்கிள் அவர்களுக்குத் தலைவர் மாதிரி. நான் தேய்த்து வைத்திருந்த கோட்டை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார்.

"பிள்ளை, என்ரை மருமகன்ரை ஆக்கள் பிக்கரிங்கிலையிருந்து டிக்கற் எடுத்து வருகினம். உந்தக் கந்தலோடையோ நான் நிக்கிறது?"

"அங்கிள், இது கந்தலில்லை. மூண்டு நாள் பாடுபட்டுச் செய்தது."

"உதைச் செய்யவும் மூண்டு நாளோ?" என்றார். ஆனாலும் போட்டுக்கொண்டார். போட்ட பிறகு கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்ததையும் நான் கண்டேன்.

அந்தக் கூட்டத்தில் புஷ்பமக்காவும் இருந்தார். அஜின்கோர்ட்டில் மகளோடு இருந்தார். கணவர் இல்லை. ஒரே மகன் குகன் யாழ்ப்பாணத்தில், பள்ளிக்கூடமொன்றில் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தான். எங்கள் ஆட்களின் செத்தவீடு என்றால் புஷ்பமக்கா வருவார். உறவா இல்லையா என்று பார்க்கமாட்டார். வந்து தலைமாட்டில் இருந்து ஒப்பாரி சொல்லத் தொடங்கினாரென்றால், அதுவரை கைகட்டி நின்ற ஆம்பிளைகளும் உடைந்துபோவார்கள். சத்தத்தைக் குறைக்கச் சொல்லி மண்டபத்துக்காரர் வந்து, சொல்லாமலே திரும்பிப் போனதையும் பார்த்திருக்கிறேன்.

இந்தப் பெருமையைச் சிவஞானம் அங்கிள் ஒரு தேநீர் இடைவேளையில் மார்க்குஸிடம் அளந்துவிட்டார். மார்க்குஸ் கேட்டார். புஷ்பமக்காவும் கூச்சப்பட்டு, பிறகு சிரித்து, "சும்மா சொல்லிக் காட்டுறன்" என்று ஒத்திகை மண்டபத்தின் நடுவில் இருந்து இரண்டு அடி சொன்னார். பியானோக்காரர் கையை மடியில் வைத்துக்கொண்டார். ஒலிப்பகுதி ஆள் அதைப் பதிவும் செய்துவிட்டார். அன்றைக்கே மார்க்குஸ் நாடகத்தை மாற்றினார். சனத்தின் பெரிய பாட்டுக்கு முன்னால் இசை நிற்கும். ஓர் இளைஞனின் உடலைத் தூக்கிவந்து மேடை நடுவில் வைப்பார்கள். ஒரு தாய் ஒப்பாரி சொல்வாள். அது அடங்கிய பிறகுதான் பாட்டு. நூற்றைம்பது வருடமாக யாரும் நிறுத்தாத இடத்தில் இசையை நிறுத்துவதா என்று இசை நடத்துநர் குச்சியை மேசையில் அடித்தார். மார்க்குஸ் காலைத் தட்டிக்கொண்டே நின்றார், விட்டுக்கொடுக்கவில்லை.

உடல் என்பது பஞ்சு அடைத்த பொம்மை. அதற்குச் சட்டை செய்யும் பொறுப்பு எனக்கு. "இவன் யார்?" என்று இலோனா வழக்கம்போலக் கேட்டார். இருபத்தைந்து வயது, வலக்கைக்காரன், பையில் பேனை, இடத்தோளில் பை மாட்டிக்கொண்டு சைக்கிள் ஓடுகிறவன் என்று சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்தது. நீலக் கோடு போட்ட அந்தச் சட்டையைப் போல இன்னொன்றை நான் ஆயுளில் செய்யவில்லை. பேனை மூடி அழுத்தின இடம், பை வார் உரஞ்சின தோள், வெயில் பட்டு வெளிறின முதுகு எல்லாம் வந்தன. நடைக்கூடத்தின் முனையில் நின்று இலோனா நெடுநேரம் பார்த்தார். கண்ணாடி ஏறவில்லை. "ம்" என்றார். அந்த 'ம்' எனக்குப் பொன்னாடை.

அந்தக் கிழமைதான் ஊரிலிருந்து செய்தி வந்தது. இராணுவம் நெருங்க, யாழ்ப்பாணத்துச் சனம் முழுவதும் ஓர் இரவில் வீடுகளை விட்டு வெளிக்கிட்டுவிட்டதாம். மழை. ஒற்றைப் பாலத்தால் இலட்சக்கணக்கான சனம். எங்கே போனார்கள், யார் யார் போனார்கள் என்று ஒன்றும் தெரியாது. ஸ்காபரோவில் எந்த வீட்டுக்கு அடித்தாலும் தொலைபேசி பிஸியாக இருந்தது. தமிழ் வானொலி விடியவிடியப் பேசியது. என் ஆட்கள் கொழும்பில் இருந்ததால் நான் அந்தத் தவிப்பிலிருந்து தப்பினேன். ஆனாலும் இரவில் எழும்பி, சும்மா றிசீவரைத் தூக்கி லைன் இருக்கிறதா என்று பார்ப்பேன். குகனைப் பற்றி ஒரு சொல்லும் வரவில்லை.

புஷ்பமக்கா ஒத்திகைக்கு வருவதை நிறுத்தவில்லை. வீட்டில் இருக்க ஏலாது என்றார். வந்தார், தன் இடத்தில் பொம்மைக்குப் பக்கத்தில் இருந்தார். இசை நின்றது. எல்லோரும் பார்த்தார்கள். அவர் வாயைத் திறக்கவில்லை. மார்க்குஸ் மறுபடியும் செய்வோம் என்றார். மறுபடியும் அப்படித்தான். மேடைப் பயமாக்கும் என்று நினைத்து அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

இடைவேளையில் புஷ்பமக்கா சாய அறைக்கு என்னைத் தேடி வந்தார். அந்த நேரம் பொம்மையின் சட்டையை ஏதோ சில்லறைத் திருத்தத்துக்காகக் கொடியில் போட்டிருந்தேன். அவர் கதவடியிலேயே நின்றுவிட்டார்.

"உது ஆற்றை சேட்டு?"

"ஒருத்தற்றையும் இல்லையக்கா. பொம்மைக்கு. புதுத்துணி, நான்தான் பழசாக்கினனான்."

"பொய் சொல்லாதை பிள்ளை. உது ஆரோ போட்ட சேட்டு. அவன்ரை பேனை இருந்த இடம் தெரியுது."

நான் சட்டையை எடுத்துச் சுருட்டி மேசைக்குக் கீழே வைத்தேன். அவர் சாயத் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் இருந்தார். அவராகவே சொன்னார். "அவன் இருக்கிறானோ இல்லையோ எண்டு தெரியாது. இந்த நேரத்திலை நான் வாய் திறந்து ஒப்பாரி வைச்சனெண்டால் அது ஆருக்கு? சொல்லு பாப்பம். நானே அவனை அனுப்பி வைச்ச மாதிரியெல்லோ."

இலோனாவிடம் போனேன். என் வாழ்நாளில் செய்த ஒரே நல்ல சட்டையை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர் தைத்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து தலை நிமிரவில்லை. முழுக்கக் கேட்டார். "சாம்பல் போர்வை மூன்றாம் அலுமாரியில் இருக்கிறது. தலையிலிருந்து கால்வரை மூடு" என்றார். நெறியாளரிடம் கேட்கவேண்டாமா என்றேன். அப்போதுதான் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். நான் போர்வையை எடுக்கப் போனேன்.

பொம்மையை மூடினோம். புஷ்பமக்கா அப்போதும் அழவில்லை. மார்க்குஸ் என்னை மொழிபெயர்க்கச் சொன்னார். கெட்ட மனிதரல்ல அவர். முட்டி போட்டு, அக்காவின் முகத்துக்கு நேராக இருந்துதான் பேசினார்.

"மேடையில் சாகிறவர்கள் திரை விழுந்ததும் எழும்பி வீட்டுக்குப் போகிறார்கள். இங்கே எதுவும் நிசமில்லை என்று சொல்லுங்கள்."

சொன்னேன். புஷ்பமக்கா தலையாட்டினார். "அவர் சொல்லுறது சரிதான் பிள்ளை. அது பொம்மை எண்டு எனக்கும் தெரியும். ஆனா என்ரை வாய் பொம்மையில்லையே."

அதை ஆங்கிலத்தில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. மார்க்குஸ் எழும்பினார். சரி, அவர் சும்மா இருக்கட்டும், முன்னர் பதிவு செய்த நாடாவைப் போடுவோம் என்றார். நான் மொழிபெயர்க்க முன்னரே புஷ்பமக்காவுக்கு விளங்கிவிட்டது. நாடாவுக்கான ஆங்கிலச் சொல்லும் மார்க்குஸின் கை ஒலிப்பெட்டியைக் காட்டினதும் போதுமாக இருந்தன. என் கையைப் பிடித்தார்.

"வேண்டாமெண்டு சொல்லு. அது என்ரை குரல். நான் அழாத நேரம் அது அழக்கூடாது."

மார்க்குஸ் பொறுமை இழந்தார். முதற்காட்சிக்கு நாலு நாள்தான் இருந்தது, அவரையும் குறை சொல்ல ஏலாது. அந்தப் பதிவு ஒப்பரா நிறுவனத்துக்குச் சொந்தமானது என்றார். ஆட்களை நான்தான் தூண்டிவிடுகிறேன் என்றும் சொன்னார். வீட்டுக்கடன், இரண்டு பிள்ளைகள், இந்த வேலை போனால் திரும்பவும் லோண்டரிதான். அப்போது பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. சிவஞானம் அங்கிள் எழும்பி நின்று, நான் மூன்று நாள் பாடுபட்ட கோட்டைக் கழற்றி, அழகாக மடித்து, மேடையில் வைத்தார்.

"புஷ்பத்தின்ரை குரலைப் போட்டா நாங்கள் நிக்கமாட்டம். தம்பிக்குச் சொல்லு பிள்ளை, கோவமில்லையெண்டும் சொல்லு."

ஒவ்வொருவராகக் கழற்றத் தொடங்கினார்கள். மார்க்குஸ் அந்தக் கோட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். தட்டிக்கொண்டே இருக்கும் அந்தக் கால் நின்றுவிட்டது. கடைசியில் இசை நடத்துநரின் பக்கம் திரும்பினார். "நிறுத்தத்தை எடுக்கமாட்டேன். அழுகையும் இல்லை, இசையும் இல்லை. அவர் சும்மா இருக்கட்டும். அவர் உங்களைப் பார்த்துத் தலையசைக்கும்போது தொடங்குங்கள்." நடத்துநர் வாய்க்குள் ஏதோ திட்டினார். இத்தாலிய மொழி, நல்ல வேளை எனக்குத் தெரியாது.

அப்படித்தான் முதற்காட்சி நடந்தது. உடல் வந்தது, இசை நின்றது, ஒரு பெண் போர்வைக்குப் பக்கத்தில் வாயை இறுக மூடிக்கொண்டு இருந்தாள். சபை நெளிந்தது. இருமல், கதிரைச் சத்தம். ஒருவர் எழும்பியே போனார். யாரோ ஏதோ மறந்துவிட்டார்கள் என்று நினைத்தார்களாக்கும். நான் திரைமறைவில் ஊசியும் நூலுமாக நின்று, எப்போது தலையசைப்பார், எப்போது தலையசைப்பார் என்று நகத்தைக் கடித்தேன். ஒவ்வொரு காட்சியிலும் அப்படியே. பழகவே இல்லை. காட்சி முடிந்ததும் புஷ்பமக்கா கேட்கிற முதற்கேள்வி, "ரெலிபோன் ஏதும் வந்ததோ?" என்பதுதான். மேடை வாசல் காவலாளியின் நம்பரை மகளிடம் கொடுத்து வைத்திருந்தார். காவலாளி தூரத்திலேயே தலையை ஆட்டிவிடுவார்.

கடைசிக் காட்சியன்று, உடுப்புப் போடுகிற நேரம், அந்தக் காவலாளி படியேறி ஓடிவந்தார். அவருக்கு மூச்சு வாங்கியது. "புஸ்பா! போன்!" புஷ்பமக்கா ஒரு செருப்போடு இறங்கினார். நான் மற்றச் செருப்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். இரண்டு கையாலும் றிசீவரைப் பிடித்துக்கொண்டு "ஓம்... ஓம்... ஆர் சொன்னது?... நீயே கதைச்சனீயோ?" என்றார். வைத்தார். கீழ்ப்படியில் இருந்துவிட்டார்.

"குகன் என்ரை மகளோடை கதைச்சவனாம். வவுனியாவுக்கு வந்திட்டானாம். கால்லை காயமாம், ஆனா நடக்கிறானாம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. தண்ணீர் கேட்டுக் குடித்தார். வீட்டுக்குப் போங்கோ அக்கா, அங்கிளின் காரில் விடச் சொல்கிறேன் என்றேன். என் கையிலிருந்த செருப்பை வாங்கிப் போட்டுக்கொண்டே, "ஏன் போறது? எனக்கு வேலை கிடக்கு" என்றார்.

உடல் வந்தது. இசை நின்றது. அவர் கொஞ்ச நேரம் சும்மாதான் இருந்தார். நடத்துநர் தலையசைப்புக்காகக் கையைத் தூக்கி வைத்திருந்தார். அப்போது புஷ்பமக்கா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார், போர்வையின் மேல் கையை வைத்தார், தொடங்கினார்.

"ஆர் பெத்த பொன்மகனோ, என்ரை ராசா... எந்த வாசலிலை கொம்மா பாத்திருக்கிறாவோ... என்ரை பிள்ளை வந்திட்டான், ராசா, உன்னைத் தேடி ஆர் வருவினம்... அவ அழ ஏலாமல் இருப்பா, அவவுக்காக நான் அழுறன், ராசா..."

தூக்கிய கையை நடத்துநர் இறக்கவில்லை. இருமல் இல்லை, கதிரைச் சத்தம் இல்லை. சொல் விளங்கிய பத்துப் பன்னிரண்டு பேர் மேடையில் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார்கள். சிவஞானம் அங்கிள் மறைக்கவில்லை, கண்ணீர் தாடையால் ஓட நிமிர்ந்து நின்றார். சொல் விளங்காத இரண்டாயிரம் பேர் மூச்சு விடாமல் இருந்தார்கள். மார்க்குஸ் எனக்குப் பக்கத்தில் வந்து, "என்ன சொல்கிறார்? என்ன சொல்கிறார்?" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். முடியட்டும் என்று கையைக் காட்டினேன். இலோனா ஒரு கோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு மறுபக்கத்தில் நின்றார்.

புஷ்பமக்கா முடித்து, மூக்கைத் துடைத்து, நடத்துநரைப் பார்த்துத் தலையசைத்தார். சனம் பாடத் தொடங்கியது.

திரை விழுந்த பிறகு அவரிடம் ஓடினேன். முகமெல்லாம் வீங்கி, குரல் அடைத்துப்போயிருந்தது.

"நாளைக்கு எத்தினை மணிக்குப் பிள்ளை வரவேணும்?"

"நாளைக்கு இல்லையக்கா. இண்டையோடை முடிஞ்சுது."

அவருக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. "அப்ப ஏன் எனக்கு முதல்லையே சொல்லேல்லை?" என்றார். "இன்னும் கொஞ்சம் அழுதிருப்பனே."